வன்தட்டுத் தரவு மீட்பில் உள் நேரமைவு

பேச்சு வழக்கில் ஹார்டு டிஸ்க் எனப்படும் வன்தட்டு, சுழலும் காந்தத் தகடுகளில் தரவைச் சேமிக்கும் கருவி ஆகும். இதன் உள்ளே இருக்கும் தகடுகள், சுழல்தண்டு, தலைகள், அவற்றைத் தாங்கும் கைகள் ஆகியவை ஒன்றுக்கொன்று எந்த இடத்தில், எந்தக் கோணத்தில், எந்த உயரத்தில் அமைந்துள்ளன என்பதே உள் நேரமைவு எனப்படுகிறது. பழுதுபார்க்கும் கடைகளில் இதை அலைன்மென்ட் என்றே சொல்வர்.

பழுதடைந்த வன்தட்டிலிருந்து கோப்புகளை வெளியே எடுக்கும் பணிக்குத் தரவு மீட்பு என்று பெயர். தகட்டின் மீது எழுதப்பட்டவை அழியாமல் அப்படியே இருந்தும், அவற்றைப் படிக்க முடியாமல் போவது உண்டு. உள் நேரமைவு குலைவது இதற்கு முக்கியமான காரணங்களுள் ஒன்று. குடும்பப் படங்கள், ஆய்வேட்டின் ஒரே பிரதி, சிறு கடையின் கணக்குகள் போன்றவை திரும்பக் கிடைக்குமா என்பது, பல வேளைகளில் கண்ணுக்குத் தெரியாத இந்த அளவுகளைப் பொறுத்தே அமைகிறது.

வன்தட்டின் உள்ளமைப்பு

வன்தட்டின் மூடியைத் திறந்தால் கண்ணாடி போல் மின்னும் வட்டத் தகடுகள் தெரியும். இவை அலுமினியத்தாலோ கண்ணாடியாலோ செய்யப்பட்டு, மேலே மிக மெல்லிய காந்தப் படலம் பூசப்பட்டவை. ஒரு வன்தட்டில் ஒரு தகடு மட்டும் இருக்கலாம். ஒன்றன்மேல் ஒன்றாகப் பல தகடுகளும் இருக்கலாம். எல்லாத் தகடுகளும் ஒரே சுழல்தண்டின் குடத்தில் மாட்டப்பட்டு, மேலிருந்து ஒரு பிடிப்பானால் இறுக்கப்பட்டிருக்கும்.

தகடுகளின் பக்கத்தில், ஒரு மூலையில் அச்சு கொண்டு திரும்பும் கை உள்ளது. சீப்பின் பற்களைப் போல இதிலிருந்து பல கிளைகள் தகடுகளுக்கு இடையே நுழைந்து நிற்கும். ஒவ்வொரு கிளையின் நுனியிலும் தலை எனப்படும் மிகச் சிறிய உறுப்பு இருக்கும். எழுதுவதும் படிப்பதும் இந்தத் தலையின் வேலை. கையின் மறுமுனையில் கம்பிச்சுருளும் அதைச் சுற்றி வலுவான காந்தங்களும் உள்ளன. சுருளில் பாயும் மின்னோட்டத்தைக் கூட்டியும் குறைத்தும் கையை வேண்டிய இடத்துக்கு நகர்த்துகின்றனர்.

தகட்டின் மீது தரவு, ஒரே மையம் கொண்ட வட்டங்களாக எழுதப்படுகிறது. ஒவ்வொரு வட்டமும் ஒரு தடம். தடங்களைக் கண்ணால் பார்க்க முடியாது. அவை காந்தத் திசை மாற்றங்களாக மட்டுமே உள்ளன.

அளவுகளை உணர்தல்

மேசைக் கணினியில் பயன்படும் 3.5 அங்குல வன்தட்டு பெரும்பாலும் நிமிடத்துக்கு 7200 சுற்றுகள் சுழல்கிறது. அதாவது ஒரு நொடிக்கு 120 சுற்று. தகட்டின் விட்டம் ஏறத்தாழ 95 மில்லிமீட்டர் என்பதால், அதன் விளிம்பு மணிக்கு ஏறத்தாழ 130 கிலோமீட்டர் வேகத்தில் தலையைக் கடந்து செல்கிறது.

ஒரு அங்குலத்தில் 5,00,000 தடங்கள் உள்ள தகட்டை எடுத்துக்கொள்வோம். இக்கால வன்தட்டுகளில் இது வியப்புக்குரிய எண் அல்ல. ஒரு அங்குலம் 25.4 மில்லிமீட்டர். ஆகவே ஒரு தடத்துக்கும் அடுத்த தடத்துக்கும் இடைவெளி ஏறத்தாழ 50 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்காக்கினால் அதில் ஒரு பங்குதான் ஒரு நானோமீட்டர். தலை தடத்தின் நடுவிலிருந்து, தட இடைவெளியில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் விலகாமல் இருக்க வேண்டும். அதாவது 5 நானோமீட்டர். தகட்டுக்கு மேல் தலை மிதக்கும் உயரமும் சில நானோமீட்டர்தான்.

இந்த எண்களை மனத்தில் நிறுத்துவது கடினம். அதனால் எல்லாவற்றையும் இரண்டு லட்சம் மடங்கு பெரிதாக்கிப் பார்க்கலாம். அப்போது கிடைக்கும் அளவுகள் இவை:

- தகட்டின் மையத்திலிருந்து விளிம்பு வரை 9.5 கிலோமீட்டர்.
- ஒரு தடத்தின் அகலம் 1 சென்டிமீட்டர்.
- தலை தடத்திலிருந்து விலகக்கூடிய அளவு 1 மில்லிமீட்டர்.
- தலைக்கும் தகட்டுக்கும் இடையே உள்ள உயரம் ஒரு மில்லிமீட்டர் அல்லது அதற்கும் குறைவு.
- அரை மைக்ரோமீட்டர் தூசு 10 சென்டிமீட்டர் உயரக் கல்.
- 70 மைக்ரோமீட்டர் தடிமன் உள்ள தலைமுடி 14 மீட்டர் தடிமன் உள்ள தூண்.

ஒரு ஊர் அளவுள்ள வட்டத்தில், விரல் அகலப் பாதையில், தரையை உரசாமல், ஒரு மில்லிமீட்டர் பிசகாமல் ஓட வேண்டும் என்பதே தலைக்கு இடப்பட்ட பணி. இதில் திருகாணி ஒன்று சற்றுத் தளர்ந்தால் என்ன ஆகும் என்பதை இனி விளக்கத் தேவையில்லை.

நேரமைவின் வகைகள்

உள் நேரமைவு என்பது ஒரே ஒரு அளவு அல்ல. தரவு மீட்பில் குறைந்தது ஐந்து வகைகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

1. மைய நேரமைவு: தடங்களின் மையமும் சுழற்சியின் மையமும் ஒன்றாக இருத்தல்.
2. கோண நேரமைவு: பல தகடுகள் உள்ள வன்தட்டில், ஒரு தகட்டைப் பொறுத்து மற்றொரு தகடு திரும்பாமல் இருத்தல்.
3. தள நேரமைவு: தகடு வளையாமலும் சாயாமலும் சமமாக இருத்தல்.
4. கையின் நேரமைவு: கை திரும்பும் அச்சு செங்குத்தாகவும் சரியான உயரத்திலும் இருத்தல்.
5. தலையின் நேரமைவு: எழுதும் உறுப்புக்கும் படிக்கும் உறுப்புக்கும் இடையே உள்ள விலகல், கட்டுப்பாட்டு மென்பொருள் அறிந்துவைத்துள்ள அளவோடு ஒத்திருத்தல்.

முதல் நான்கும் இயந்திர அளவுகள். ஐந்தாவது, இயந்திரமும் மென்பொருளும் சேர்ந்த அளவு. மீட்புப் பணியில் பலரைத் திணறவைப்பது இந்த ஐந்தாவதுதான்.

வரலாறு

முதல் வன்தட்டு 1956இல் ஐபிஎம் நிறுவனம் வெளியிட்ட 350 என்னும் சேமிப்புக் கருவி. அது 305 ராமேக் என்ற கணினியின் பகுதியாக இருந்தது. 24 அங்குல விட்டமுள்ள 50 தகடுகள் இருந்தும் அதன் கொள்ளளவு 50 லட்சம் எழுத்துகள் மட்டுமே. ஒரு அங்குலத்தில் 20 தடங்கள். அதாவது தட இடைவெளி ஒரு மில்லிமீட்டருக்கும் அதிகம். அந்த அளவில் நேரமைவைச் சாதாரண இயந்திரக் கருவிகளாலேயே சரிசெய்ய முடிந்தது.

1962இல் வந்த ஐபிஎம் 1311, தகட்டுக் கட்டைக் கழற்றி வேறொரு இயந்திரத்தில் மாட்டும் வசதியைத் தந்தது. இங்கேதான் நேரமைவுச் சிக்கல் பெரிதாகத் தலைதூக்கியது. ஓர் இயந்திரத்தின் தலைகள் எழுதியதை இன்னோர் இயந்திரத்தின் தலைகள் படிக்க வேண்டுமானால், எல்லா இயந்திரங்களின் தலைகளும் ஒரே இடத்தில் நிற்க வேண்டும். ஆகவே பராமரிப்புப் பொறியாளர்கள், துல்லியமாக எழுதப்பட்ட சிறப்புத் தகட்டுக் கட்டு ஒன்றை மாட்டி, அதைப் படித்துப் பார்த்துத் தலைகளை ஒவ்வொன்றாகச் சரிசெய்தனர்.

1971இல் வந்த ஐபிஎம் 3330, தடத்தைப் பின்தொடர்ந்து தன்னைத்தானே திருத்திக்கொள்ளும் முறையைக் கொண்டுவந்தது. 1973இல் ஐபிஎம் 3340 வந்தது. வின்செஸ்டர் என்ற பெயரால் அறியப்படும் இக்கருவியில் தகடுகள் மட்டுமன்றித் தலைகளும் கைகளும் சேர்த்தே ஒரே பெட்டியில் மூடி வைக்கப்பட்டன. எந்தத் தலை எழுதியதோ அதே தலைதான் படிக்கும். ஆகவே இயந்திரத்துக்கு இயந்திரம் தலைகளை ஒத்தமைக்கும் தேவை நீங்கியது; தடங்களை நெருக்கமாக எழுதவும் முடிந்தது. இன்று நம் கணினிகளில் உள்ள வன்தட்டுகள் இந்த வழியில் வந்தவையே.

தரவு மீட்பின் அடிப்படைச் சிக்கலும் இதிலிருந்தே பிறக்கிறது. எழுதிய தலையே படிக்கும் என்ற நம்பிக்கையில்தான் இத்தனை நெருக்கமான தடங்கள் எழுதப்படுகின்றன. தலையையோ தகட்டையோ மாற்றும் மீட்புப் பொறியாளர், அந்த நம்பிக்கையை உடைத்துவிட்டு வேலை செய்ய வேண்டியவராகிறார்.

சீகேட் நிறுவனத்தின் எஸ்டி-506 1980இல் வெளிவந்தது. 5 மெகாபைட் கொள்ளளவுள்ள இதில் படிப்படியாக நகரும் மோட்டார் கையை இயக்கியது. தடம் எங்கே உள்ளது என்று பார்த்துத் திருத்தும் வழி அதில் இல்லை. கணக்கிட்ட படிகளை நகர்ந்து நிற்பது மட்டுமே. அலுமினியம் ஒரு டிகிரி செல்சியசுக்குப் பத்து லட்சத்தில் 23 பங்கு விரியும். 30 மில்லிமீட்டர் நீளத் துண்டு 10 டிகிரி சூடேறினால் ஏறத்தாழ 7 மைக்ரோமீட்டர் நீளும். ஏறத்தாழ 100 மைக்ரோமீட்டர் தட இடைவெளி இருந்த அக்காலத்தில் இதைப் பொறுத்துக்கொள்ள முடிந்தது. 50 நானோமீட்டர் இடைவெளியில் அதே 7 மைக்ரோமீட்டர் 140 தடங்களுக்குச் சமம். எனவே தடத்தைப் பார்த்து ஓயாமல் திருத்திக்கொள்ளும் முறை இல்லாமல் இன்றைய வன்தட்டு ஒரு கணமும் இயங்க முடியாது.

சர்வோ குறிகள்

அந்தத் திருத்தும் முறைக்குச் சர்வோ என்று பெயர். தொழிற்சாலையிலேயே ஒவ்வொரு தகட்டுப் பரப்பிலும் வழிகாட்டிக் குறிகள் எழுதப்படுகின்றன. மையத்திலிருந்து விளிம்பு நோக்கிச் செல்லும் ஆரக்கால்களைப் போல, ஒரு சுற்றுக்குச் சில நூறு இடங்களில் இவை இருக்கும். இவற்றுக்கு இடையே உள்ள பகுதியில்தான் பயனரின் தரவு எழுதப்படுகிறது.

ஒவ்வொரு குறியிலும் இரண்டு செய்திகள் உண்டு. ஒன்று, இது எத்தனையாவது தடம் என்பது. மற்றொன்று, தலை தடத்தின் நடுவிலிருந்து எந்தப் பக்கம் எவ்வளவு விலகியுள்ளது என்பது. தலை குறியைக் கடக்கும்போதெல்லாம் இந்த விலகல் அளக்கப்பட்டு, கையின் சுருளுக்குச் செல்லும் மின்னோட்டம் திருத்தப்படுகிறது. நொடிக்கு 120 சுற்று, சுற்றுக்குச் சில நூறு குறி என்றால், நொடிக்குப் பல்லாயிரம் முறை இந்தத் திருத்தம் நடக்கிறது.

இக்குறிகளை வன்தட்டு தானாக மீண்டும் எழுதிக்கொள்ளாது. பயனர் செய்யும் ஃபார்மட் எதுவும் இவற்றைத் தொடாது. குறிகள் கீறலால் அழிந்தாலும், நேரமைவு குலைந்து தலை குறிகளைக் காண முடியாமல் போனாலும், வன்தட்டு தான் இருக்கும் இடம் தெரியாமல் தவிக்கும். அப்போது கை பின்னுக்குச் சென்று மீண்டும் முயலும், மீண்டும் தவறும். பழுதான வன்தட்டிலிருந்து வரும் டிக் டிக் என்ற ஓசை பெரும்பாலும் இதுதான்.

கவராயச் சோதனை

மைய நேரமைவு குலைந்தால் என்ன ஆகும் என்பதை மாணவர்கள் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். ஒரு தாளில் கவராயத்தால் ஒரே மையத்தில், ஒரு மில்லிமீட்டர் இடைவெளியில் பல வட்டங்களை வரைய வேண்டும். பின்பு மையத்திலிருந்து 5 மில்லிமீட்டர் தள்ளி ஒரு குண்டூசியைக் குத்தி, ஒரு பென்சிலை அசையாமல் பிடித்துக்கொண்டு தாளை அந்த ஊசியைச் சுற்றித் திருப்ப வேண்டும். பென்சில் கோடு எந்த வட்டத்தோடும் ஒட்டிச் செல்லாது. ஒரு சுற்றில் பத்து வட்டங்களின் அகலத்துக்கு உள்ளே போய் வெளியே வரும்.

இதே கணக்கை வன்தட்டுக்குப் போடலாம். தகட்டைக் கழற்றி மீண்டும் மாட்டும்போது அது 0.01 மில்லிமீட்டர் தள்ளி அமர்ந்துவிட்டது என்று கொள்வோம். இது ஒரு சாதாரணத் தாளின் தடிமனில் பத்தில் ஒரு பங்கு. 50 நானோமீட்டர் இடைவெளியில் இது 200 தடங்களுக்குச் சமம். ஒரு சுற்றில் தலைக்குக் கீழே தடங்கள் இருபுறமும் சேர்த்து 400 தட அகலத்துக்கு அலையும். அதுவும் நொடிக்கு 120 முறை.

சுற்றுக்குச் சுற்று ஒரே மாதிரி திரும்பத் திரும்ப வரும் அலைவை ஓரளவு வரை கட்டுப்பாட்டு மென்பொருள் கற்றுக்கொண்டு ஈடுகட்ட முடியும். எல்லையைத் தாண்டினால் தலை தடத்தைப் பிடிக்கவே முடியாது. எல்லைக்குச் சற்று உள்ளே இருந்தால் பிடிக்கும், விடும், மீண்டும் பிடிக்கும். படிப்பு மிக மெதுவாகவும் பிழைகளோடும் நடக்கும்.

மீட்பில் நேரமைவு குலையும் இடங்கள்

அ. மூடியைத் திறத்தல்

மூடி தூசைத் தடுக்க மட்டுமே என்று பலர் எண்ணுகின்றனர். பல மாதிரிகளில் கையின் அச்சு மேலே மூடியோடும் ஒரு திருகாணியால் பிணைக்கப்பட்டிருக்கும். அந்தத் திருகாணியைக் கழற்றினால் அச்சின் மேல்முனை தளர்ந்து, கை மிகச் சிறிதளவு சாயும். அந்தச் சாய்வே தலைகளைத் தடத்திலிருந்து விலக்கப் போதுமானது. ஆகவே மீட்புப் பொறியாளர்கள் இத்தகைய மாதிரிகளில் மூடியை மீண்டும் பொருத்தியோ, மூடிக்குப் பதிலாக அச்சைப் பிடித்துக்கொள்ளும் தாங்கியை வைத்தோதான் இயக்குகின்றனர்.

மூடி இல்லாமல் வன்தட்டு சுழலும் காணொளிகள் பல உண்டு. சிறிது நேரம் அது இயங்குவது உண்மையே. உள்ளே விழுந்த தூசைத் தலை எப்போது மோதும் என்பது மட்டுமே அங்கே கேள்வி.

ஆ. தலைகளை மாற்றுதல்

கீழே விழுந்த வன்தட்டில் பெரும்பாலும் தலைகளே சேதமடைகின்றன. அப்போது அதே மாதிரியைச் சேர்ந்த நல்ல வன்தட்டு ஒன்றிலிருந்து கை, தலைத் தொகுதி முழுவதையும் எடுத்துப் பொருத்துவர். இவ்வாறு உறுப்பு தரும் வன்தட்டைத் தொழிலில் டோனர் என்பர்.

தலைகளை வெளியே எடுக்கும்போது அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமலும் தகட்டைக் கீறாமலும் இருக்க, அந்தந்த மாதிரிக்கென்று செய்யப்பட்ட சீப்பு போன்ற கருவியை இடையே செருகுவர். புதிய தொகுதி அச்சில் சரியான உயரத்தில் அமராவிட்டால், தலை தகட்டைப் பார்க்கும் கோணம் மாறும். கோணம் மாறினால் மிதக்கும் உயரம் மாறும். உயரம் கூடினால் சமிக்ஞை மங்கும். குறைந்தால் தலை தகட்டைத் தேய்க்கும்.

இயந்திர வேலை முழுவதும் சரியாக அமைந்த பின்பும் ஒரு தடை உண்டு. ஒவ்வொரு தலையிலும் எழுதும் உறுப்பும் படிக்கும் உறுப்பும் தனித்தனியாக, சற்றே விலகி அமைந்துள்ளன. கை நேர்கோட்டில் நகராமல் வில் போல் திரும்புவதால், தகட்டின் உள்பகுதியில் இந்த விலகல் ஓர் அளவாகவும் வெளிப்பகுதியில் வேறோர் அளவாகவும் தெரியும். எனவே தொழிற்சாலையில் ஒவ்வொரு தலைக்கும் தனியே அளந்து, அந்தத் திருத்த எண்களை மின்சுற்றுப் பலகையில் உள்ள சிறு நினைவகத்திலும், தகட்டில் பயனருக்குத் தெரியாத அமைப்புப் பகுதியிலும் எழுதி வைக்கின்றனர்.

டோனர் தலைக்கு அந்த எண்கள் பொருந்தாது. அதனால்தான் தலை மாற்றிய வன்தட்டு, சில பகுதிகளை நன்றாகவும் வேறு சில பகுதிகளைத் தடுமாறியும் படிக்கிறது. மாதிரி எண், நிலைப்பொருள் பதிப்பு, தலைகளின் எண்ணிக்கை, தயாரிப்பு இடம், நாள் ஆகியவை நெருங்கி வரும் டோனரைத் தேடுவதற்கு இதுவே காரணம்.

இ. மின்சுற்றுப் பலகையை மாற்றுதல்

ஒரே மாதிரி வன்தட்டின் பலகையைக் கழற்றி மாட்டினால் போதும் என்பது பழைய கருவிகளுக்குப் பொருந்திய அறிவுரை. இன்று திருத்த எண்கள் அந்தப் பலகையின் நினைவகத்தில் இருப்பதால், பழைய பலகையின் நினைவகச் சில்லை எடுத்துப் புதியதில் பொருத்தவோ, அதன் உள்ளடக்கத்தை நகலெடுக்கவோ வேண்டும். இல்லையெனில் எந்த உறுப்பையும் தொடாமலேயே நேரமைவு கெட்டதற்குச் சமம்.

ஈ. தகடுகளை மாற்றுதல்

சுழல்தண்டு வளைந்தாலோ அதன் தாங்கி இறுகிப்போனாலோ தகடுகளை வேறு உடலுக்கு மாற்ற நேரிடலாம். வன்தட்டு மீட்பில் இதுவே மிகக் கடினமான பணி. முடிந்தவரை இறுகிய சுழல்தண்டை விடுவிக்கவே முதலில் முயல்வர்.

ஒரே தகடு உள்ள வன்தட்டில் மைய நேரமைவைக் காத்தால் போதும். பல தகடுகள் இருந்தால் கோண நேரமைவும் சேர்கிறது. ஒரு பரப்பிலிருந்து அடுத்த பரப்புக்குத் தலை மாறும்போது, அடுத்த சர்வோ குறி எந்தக் கணத்தில் வரும், எந்தத் தடத்துக்கு அருகில் வரும் என்று கட்டுப்பாட்டு மென்பொருள் எதிர்பார்க்கிறது. ஒரு தகடு மற்றதைப் பொறுத்துச் சற்றுத் திரும்பியிருந்தாலும் அந்த எதிர்பார்ப்பு பொய்த்துவிடும். அதனால் தகடுகளைத் தனித்தனியே எடுக்காமல், எல்லாவற்றையும் விளிம்பில் சேர்த்துப் பிடித்து ஒரே கட்டாகத் தூக்கும் கருவியைப் பயன்படுத்துகின்றனர்.

பிடிப்பானை இறுக்குவதிலும் ஒழுங்கு வேண்டும். கார் சக்கரத்தை மாட்டும்போது எதிரெதிர் நட்டுகளைச் சிறிது சிறிதாக இறுக்குவது போல, இங்கும் திருகாணிகளை எதிரெதிராக, ஒரே விசையில் இறுக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் இறுகினால் தகடு கண்ணுக்குத் தெரியாத அளவில் வளையும். சுழலும்போது தலைக்குக் கீழே அது ஏறி இறங்கும்.

கொலம்பியா விண்ணோடத்தின் வன்தட்டு

2003 பிப்ரவரி 1 அன்று கொலம்பியா விண்ணோடம் பூமிக்குத் திரும்பும் வழியில் சிதைந்து, கல்பனா சாவ்லா உள்ளிட்ட ஏழு பேர் உயிரிழந்தனர். அதில் செனான் வாயு, மாறுநிலைக்கு அருகில் எவ்வாறு பாய்கிறது என்பதை ஆராயும் இயற்பியல் சோதனை ஒன்று நடந்திருந்தது. அளவீடுகளில் ஒரு பகுதி பயணத்தின்போதே பூமிக்கு அனுப்பப்பட்டிருந்தது. மீதி சில நூறு மெகாபைட் கொள்ளளவுள்ள வன்தட்டில் இருந்தது.

சிதைவுகளோடு அந்த வன்தட்டும் பின்னர்க் கண்டெடுக்கப்பட்டது. வெளிப்புறம் கருகி, உள்ளே மண் புகுந்திருந்தது. கிரோல் ஆன்ட்ராக் நிறுவனத்தின் பொறியாளர் ஜான் எட்வர்ட்ஸ் தகடுகளைத் தூய்மைப்படுத்தி வேறொரு வன்தட்டு உடலில் பொருத்தி, ஏறத்தாழ 99 விழுக்காடு தரவைப் படித்தெடுத்தார். அந்த அளவீடுகளின் அடிப்படையில் அமைந்த ஆய்வுக் கட்டுரை 2008இல் வெளியானது.

வானிலிருந்து விழுந்ததே மீண்டது என்றால், மேசையிலிருந்து விழுந்தது மீளாதா என்று கேட்கத் தோன்றும். இங்கே இரண்டு செய்திகளைக் கவனிக்க வேண்டும். முதலாவது, அந்தத் தகடுகள் வளையவில்லை. தரவு இருந்த பகுதியின் காந்தப் படலமும் பிழைத்திருந்தது. இரண்டாவது, அது பழைய தலைமுறைக் கருவி. சில நூறு மெகாபைட் காலத்துத் தடங்கள் இன்றைய தடங்களைவிடப் பன்மடங்கு அகலமானவை. அகலமான தடம் நேரமைவுப் பிழையை அந்த அளவுக்குப் பொறுத்துக்கொள்ளும். பல டெராபைட் வன்தட்டில் அதே அளவு பிழை மன்னிக்கப்படாது. கொள்ளளவு கூடக் கூட, மீட்பில் தவறுவதற்கான இடம் குறைந்துகொண்டே வருகிறது.

முறையான மீட்பின் படிகள்

பயிற்சி பெற்ற ஆய்வகங்களில் பணி பொதுவாக இந்த வரிசையில் நடைபெறுகிறது.

1. வன்தட்டைத் திறக்காமலேயே மின்சுற்றுப் பலகை, ஓசை, சுழற்சி ஆகியவற்றைச் சோதித்தல்.
2. திறக்க வேண்டியிருந்தால் தூய அறையிலோ, வடிகட்டிய காற்று பாயும் மேசையிலோ திறத்தல். 100ஆம் வகுப்புத் தூய அறை என்பது, ஒரு கன அடிக் காற்றில் அரை மைக்ரோமீட்டரும் அதற்கு மேலும் உள்ள துகள்கள் 100க்கு மிகாத அறை.
3. தகட்டில் கீறலோ தூசோ உள்ளதா என்று பார்த்தல். கீறிய தகட்டில் புதிய தலையை இறக்கினால் அதுவும் கெடும்.
4. தேவையான உறுப்பை மட்டும் மாற்றுதல். நன்றாக உள்ள எதையும் தளர்த்தாதிருத்தல்.
5. திருத்த எண்கள் அடங்கிய நினைவகத்தையும் அமைப்புப் பகுதியையும் முதலில் நகலெடுத்தல்.
6. முழுத் தகட்டையும் வேறொரு நல்ல வன்தட்டுக்கு நகலெடுத்தல். எளிதாகப் படிக்கும் தலைகளையும் பகுதிகளையும் முதலில் முடித்து, தடுமாறும் இடங்களைக் கடைசியில் முயலுதல்.
7. கோப்புகளைத் தேடும் வேலையை நகலில் மட்டுமே செய்தல்.

ஆறாவது படியில் அவசரம் கூடாது, தாமதமும் கூடாது. மாற்றிய தலைகள் எவ்வளவு நேரம் தாங்கும் என்று சொல்ல முடியாது என்பதால், கிடைப்பதை முதலில் எடுத்துக்கொள்வதே முறை.

பயனர் கவனிக்க வேண்டியவை

- டிக் டிக் ஓசை, உரசும் ஓசை, சுழலாமை ஆகியவற்றில் எது தெரிந்தாலும் உடனே மின்சாரத்தை நிறுத்த வேண்டும். ஒவ்வொரு முறை இயக்கும்போதும் சேதம் கூடலாம்.
- பழுதான வன்தட்டில் பிழைதிருத்தும் மென்பொருள்களை ஓட்டக் கூடாது. அவை தலையைப் பலமுறை ஒரே இடத்தில் முயலவைக்கும்.
- வீட்டில் மூடியைத் திறக்கக் கூடாது. ஒரு திருகாணியை மட்டும் தளர்த்திப் பார்ப்பதும் கூடாது.
- குளிர்பதனப் பெட்டியில் வைக்கும் பழைய வழக்கத்தைக் கைவிட வேண்டும். வெளியே எடுத்ததும் தகட்டில் ஈரம் படியும்.
- ஈலியம் நிரப்பிய வன்தட்டுகள் 2013 முதல் விற்பனையில் உள்ளன. இவை முழுமையாக மூடி முத்திரையிடப்பட்டவை. திறந்தால் வாயு வெளியேறிவிடும் என்பதால் இவற்றின் மீட்பு மேலும் கடினம்.
- மீட்பு நிறுவனத்திடம் கொடுக்கும் முன் மூன்று கேள்விகள் கேட்கலாம்: திறப்பது தூய அறையிலா, டோனரை எப்படித் தேர்ந்தெடுப்பார்கள், முதலில் முழு நகல் எடுப்பார்களா. இதற்குத் தெளிவான விடை இல்லையென்றால் வேறிடம் தேடுவது நல்லது.
- வேறொருவர் முன்பே திறந்திருந்தால் அதை மறைக்காமல் சொல்ல வேண்டும். எந்தத் திருகாணி தொடப்பட்டது என்பது பொறியாளருக்கு மிகப் பயனுள்ள செய்தி.

திண்மநிலைச் சேமிப்பகத்துடன் வேறுபாடு

எஸ்எஸ்டி எனப்படும் திண்மநிலைச் சேமிப்பகங்களில் சுழலும் தகடோ தலையோ இல்லை. ஆகவே நேரமைவு என்ற கேள்வியே அங்கு எழாது. அவற்றின் மீட்புச் சிக்கல்கள் வேறு. கட்டுப்படுத்தும் சில்லு, தரவு பரப்பி வைக்கப்படும் முறை, அழித்த பகுதிகளைத் தானாகவே துடைத்துவிடும் வசதி ஆகியவற்றால் அவை எழுகின்றன. வன்தட்டுக்குரிய அறிவுரைகளை இவற்றுக்கு அப்படியே பொருத்தக் கூடாது.

சுருக்கம்

வன்தட்டில் தரவு என்பது தகட்டில் உள்ள காந்தக் குறி மட்டும் அன்று. அந்தக் குறியும், அதை எழுதிய தலையும், அந்தத் தலைக்கென்று அளந்து வைத்த திருத்த எண்களும், இவை அனைத்தையும் இடம் பிசகாமல் பிடித்துள்ள உடலும் சேர்ந்ததே தரவு. இவற்றில் ஒன்று கெட்டால், மற்றவற்றைக் குலைக்காமல் அதை மட்டும் ஈடுசெய்வதே மீட்புக் கலை. கெட்டுப்போன உறுப்புக்கு மாற்று கிடைக்கும். குலைந்த நேரமைவை அதே நிலைக்குக் கொண்டுவருவது பெரும்பாலும் இயலாது. முக்கியமான கோப்புகளுக்கு வேறிடத்தில் ஒரு காப்புப்பிரதி இருந்தால், மேலே சொன்ன எந்தத் துல்லியமும் தேவைப்படாமலே போகும்.